பூமியை வெட்டிப் பார்த்தவர் யார்?



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். என் பணிக்காலம் முழுவதும் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட ஊர்களிலேயே கழிந்தது. தமிழ்நாடும் கருநாடகமும் கைகோத்து நிற்கும் எல்லைப்புறம் அது. ஒரே வகுப்பில் வீட்டிலே தமிழ் பேசும் பிள்ளையும், தெலுங்கு பேசும் பிள்ளையும், கன்னடம் பேசும் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருப்பார்கள். ஒருவன் கல் என்பான். இன்னொருவன் கல்லு என்பான். மூன்றாமவன் ராயி என்பான். ஆனால் பூமி என்ற சொல் மூவருக்கும் ஒன்றே. அந்தப் பூமியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதன் மேற்பரப்பைப் பற்றி அல்ல. நம் காலடியில், ஒருவர் கண்ணுக்கும் புலப்படாமல் இருக்கும் அதன் உட்புறத்தைப் பற்றி.

1987-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பில் பூமியின் உள்ளமைப்பைப் பற்றிய பாடம். கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதனுள் மேலும் சில வட்டங்கள் வரைந்தேன். வெளியே இருப்பது மேலோடு, அதற்கு உள்ளே கவசம், நடுவே கருவம் என்று எழுதி, ஒவ்வொன்றின் தடிப்பையும் குறித்தேன். பிள்ளைகள் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். அப்போது கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், பூமியை வெட்டிப் பார்த்தவர் யார்?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லை. "புத்தகத்தில் உள்ளதைப் படி. தேர்வில் இந்தக் கேள்வி வராது. உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, மனம் உறுத்த, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டைத் தேடிச் சென்றேன்.

கல் குவாரியை ஒட்டிய சிறு குடியிருப்பு அது. அவன் தந்தையார் கல் உடைப்பவர். வீட்டிலே தெலுங்கு பேசும் குடும்பம். பையன் தந்தையோடு வேலையில் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். "வாங்க வாத்தியாரய்யா" என்று அழைத்து, தந்தையார் ஒரு பாறைத்துண்டின்மீது துண்டை விரித்து என்னை உட்காரச் சொன்னார். "இவனுக்குப் படிப்பு ஏறாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களாமே? அதனால்தான் கூட அழைத்து வந்துவிட்டேன்" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பையன் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தான்; அவன் புரிந்துகொண்டதில் தவறும் இல்லை.

என்ன பேசுவது என்று தெரியாமல், அவர் செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய பாறைக் கட்டியைப் பிளக்குமுன் அவர் அதன்மேல் சுத்தியலால் இலேசாகத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். இரண்டடி தள்ளி மறுபடியும் தட்டினார். பிறகு, "இந்தக் கல் ஆகாது, உள்ளே விரிசல் ஓடுகிறது" என்று சொல்லி அடுத்த கட்டிக்குப் போய்விட்டார். வெளியே ஒரு கீறலும் இல்லை. "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். "நல்ல கல் கணீர் என்று பேசும். விரிசல் உள்ள கல் மொத்தென்று பேசும். வெட்டிப் பார்க்க வேண்டுமா என்ன? தட்டினாலே சொல்லிவிடுமே" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் கேள்விக்கு விடை இருந்தது. பையன் கேட்டதற்கான விடை அவன் தந்தையின் கையிலேயே இருந்தது. அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பூமியை யாரும் வெட்டிப் பார்க்கவில்லை. தட்டிக் கேட்டுத்தான் அறிந்தார்கள். அன்று நான் அந்தப் பையனிடம், "நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் விடை தெரியவில்லை. நாளை பள்ளிக்கு வா, இருவரும் சேர்ந்து தேடுவோம்" என்று சொன்னேன். அவன் வந்தான். அடுத்த வாரம் அவன் தந்தையாரும் இரண்டு கற்களோடு வகுப்புக்கு வந்தார். எந்தக் கல்லில் விரிசல் என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தட்டிக் கேட்டுச் சொன்னார்கள். அதற்குமுன் அவனைப் பார்த்துச் சிரித்த வகுப்பு, அன்று அவன் தந்தையைச் சூழ்ந்து நின்றது.

இனி, அன்று தொடங்கி நானும் என் மாணவர்களும் தேடிக் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலில், வெட்டிப் பார்க்க முடியாதா என்ற கேள்வி. இதற்குப் பள்ளி விளையாட்டுத் திடலில் விடை கண்டோம். ஒரு முளையை அடித்து, அதில் 6 மீட்டர் 37 சென்டிமீட்டர் நீளமுள்ள கயிற்றைக் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் பெரிய வட்டம் போட்டோம். பூமியின் மையத்திலிருந்து மேற்பரப்பு வரை ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர். ஆகவே எங்கள் படத்தில் ஒரு சென்டிமீட்டர் பத்துக் கிலோமீட்டருக்குச் சமம். இந்த அளவில் நம் நாட்டு நிலத்தின் மேலோடு நான்கு சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு விரற்கடை அகலம். கடலடியில் அது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குக் கீழே 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை, படத்தில் 2 மீட்டர் 89 சென்டிமீட்டர் வரை, கவசம். அதற்கும் உள்ளே வெளிக்கருவம். நடுவில் 122 சென்டிமீட்டர் ஆரமுள்ள சிறு வட்டமாக உட்கருவம். உலகிலேயே உயர்ந்த எவரெஸ்டுச் சிகரம் இந்தப் படத்தில் ஒன்பது மில்லிமீட்டர் உயரமே. ஒரு நெல்மணியை நிறுத்தி வைத்தாற்போல.

சரி, மனிதன் எவ்வளவு தூரம் தோண்டியிருக்கிறான்? எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இதற்கு வெளிநாட்டுச் சான்று வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லையைத் தாண்டியதும் இருப்பது கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டளவில் அங்கே பெரிய அளவில் சுரங்க வேலை தொடங்கியது. சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு ஆகிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வயல்தான் சோறு போட்டது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் சென்றது; உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வளவு தடித்த பாறையின் மறைவில் விண்கதிர்களின் தொல்லை குறையும் என்பதால், 1965-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அங்கே நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தையும் கண்டார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சுரங்கம் மூடப்பட்டது.

என் தாயாரின் தமையனார் அங்கே வேலை பார்த்தவர். விடுமுறைக்கு வரும்போது அவர் சொல்வார்: "கீழே போனால் கிணற்றைப்போலக் குளிரும் என்று நினைத்து இறங்கினேன். போகப்போகக் கொதிக்கிறது, பாறையில் கை வைக்க முடியவில்லை." அவர் சொன்னது முழு உண்மை. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியிருந்தது. குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தித்தான் வேலை நடந்தது. பூமியின் உள்ளே வெப்பம் இருக்கிறது என்பதற்கு என் மாமாவின் கையே சான்று. ஆயினும் எங்கள் திடல் படத்தில் அந்தச் சுரங்கம் எவ்வளவு ஆழம்? மூன்று மில்லிமீட்டர்! இரஷ்ய நாட்டில் கோலா என்ற இடத்தில் 1970-ஆம் ஆண்டில் தொடங்கித் துளைத்த துளை, 1989-ஆம் ஆண்டில் 12,262 மீட்டரை எட்டியது. அங்கே வெப்பம் 180 டிகிரியாக இருந்ததால் மேலே துளைக்க இயலவில்லை. அதுவும் எங்கள் படத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான். மேலோட்டையே தாண்டவில்லை. எஞ்சிய ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைப் பிள்ளைகள் நடந்து பார்த்தபோதுதான், அந்த மாணவனின் கேள்வி எவ்வளவு பெரியது என்று வகுப்புக்கு விளங்கிற்று.

ஆகவே தட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் பூமியைத் தட்டுவதற்கு அத்தனை பெரிய சுத்தியல் யாரிடம் இருக்கிறது? இயற்கையிடம் இருக்கிறது. அதன் பெயர் பூகம்பம்.

1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள் அஸ்ஸாமில் மிகப் பெரிய பூகம்பம் ஒன்று ஏற்பட்டது. ஷில்லாங் நகரம் சிதைந்தது. அப்போது இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டாம் என்பவர் அதை நுணுகி ஆராய்ந்தார். தொலைநாடுகளில் இருந்த கருவிகளில் பதிந்த கோடுகளை ஒப்பிட்டபோது, பூகம்பத்திலிருந்து ஒரே அலை புறப்படுவதில்லை, வெவ்வேறு வேகமுள்ள அலைகள் புறப்படுகின்றன என்று கண்டார். முதலில் வருவது முதன்மை அலை. அதற்குப் பின்னால் வருவது இரண்டாம் அலை. பூமியின் மேற்பரப்பை ஒட்டி வருவது மூன்றாவது. ஓய்வு பெற்றுத் தாயகம் சென்றபின், 1906-ஆம் ஆண்டில், அலைகள் வந்துசேரும் காலத்தைக் கணக்கிட்டு, பூமியின் நடுவே மற்றப் பகுதியினின்றும் வேறுபட்ட ஒரு கருவம் இருக்கிறது என்று நிறுவினார். பூமிக்குக் கருவம் உண்டு என்ற அறிவுக்கு வித்திட்ட ஆராய்ச்சி நம் இந்திய மண்ணில் நேர்ந்த ஓர் அதிர்ச்சியிலிருந்து தொடங்கியது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அந்தப் பூகம்பத்துக்குப் பிறகுதான் கல்கத்தாவிலும் பம்பாயிலும் நம் கொடைக்கானலிலும் பூகம்பமானிகள் வைக்கப்பட்டன. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965-ஆம் ஆண்டில் பூகம்பமானிகளை வரிசையாக நிறுத்தி ஒரு நிலையமே அமைத்தார்கள்.

இந்த இரண்டு அலைகளின் வேறுபாட்டைக் கருவி எதுவும் இன்றி வகுப்பிலேயே காட்டலாம். பத்து மாணவர்களை ஒருவர் பின் ஒருவராக நெருக்கமாக நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் முன்னிருப்பவர் தோளை இறுகப் பற்றிக்கொள்ளட்டும். கடைசியில் நிற்பவனை மெல்ல முன்னே தள்ளினால், அந்தத் தள்ளல் வரிசை நெடுகச் சென்று முதல் மாணவனை அடையும். அது முதன்மை அலை. இனிக் கடைசியில் நிற்பவன் இடமும் வலமுமாக அசையட்டும். தோள்கள் பிணைந்திருப்பதால் அந்த அசைவும் வரிசை முழுவதும் செல்லும். அது இரண்டாம் அலை. இப்போது தோளைப் பிடித்த கைகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். நெருக்கம் மட்டும் இருக்கட்டும். தள்ளினால் முன்போலவே தள்ளல் போய்ச் சேர்கிறது. ஆனால் பக்கவாட்டில் அசைந்தால்? அசைபவன் மட்டும் அசைகிறான், முன்னிருப்பவன் அசைவதில்லை. திடப்பொருளில் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. திரவத்தில் அந்தப் பிடிப்பு இல்லை. அதனால்தான் முதன்மை அலை திரவத்திலும் செல்லும். இரண்டாம் அலை திரவத்தில் செல்லாது.

இந்த ஒரு விதியைக் கைவிளக்காகக் கொண்டு அறிஞர்கள் பூமிக்குள் இறங்கினார்கள். 1909-ஆம் ஆண்டில் குரோவேஷிய நாட்டு மொஹோரோவிசிச், தம் ஊருக்கு அருகே நிகழ்ந்த ஒரு பூகம்பத்தைக் கொண்டு, மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லையைக் கண்டார். அந்த எல்லைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானியராகிய குட்டன்பெர்க், கருவம் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குவதாகக் கணித்தார். இரண்டாம் அலைகள் அந்தக் கருவத்தைக் கடந்து வருவதே இல்லை. 1926-ஆம் ஆண்டில் ஆங்கிலேயராகிய ஜெஃப்ரீஸ், கருவம் திரவ நிலையில் இருப்பதைக் காட்டினார்.

அத்தோடு கதை முடிந்ததாக எல்லாரும் நினைத்தார்கள். டென்மார்க்கு நாட்டில் இங்கெ லேமன் என்ற பெண்மணி அப்படி நினைக்கவில்லை. ஆணும் பெண்ணும் ஒன்றாகப் பயின்ற ஒரு பள்ளியில், இருபாலாரும் அறிவில் நிகர் என்று எண்ணும்படி வளர்க்கப்பட்டவர் அவர். 1929-ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் நிகழ்ந்த பூகம்பத்தின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வரக்கூடாத இடத்தில் சில மெல்லிய அலைகள் வந்திருப்பதைக் கண்டார். பிறர் பிழையென்று தள்ளியிருக்கக்கூடிய சிறு நெளிவுகள் அவை. திரவக் கருவத்தின் நடுவே வேறொரு கருவம் இருந்து, அதன்மேல் பட்டுத் திரும்பினால் மட்டுமே அந்த அலைகள் அங்கே வரமுடியும் என்று 1936-ஆம் ஆண்டில் எழுதினார். உட்கருவம் இவ்வாறு உலகுக்குத் தெரிய வந்தது. அது திடமானது என்பது பின்னர் உறுதியாயிற்று. அந்த அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து 1993-ஆம் ஆண்டில் மறைந்தார்.

உடைக்காமல் உள்ளே இருப்பதை அறியும் வித்தையை நீங்களும் இன்றைக்கே செய்து பார்க்கலாம். இரண்டு முட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவித்தது, ஒன்று பச்சை. தட்டில் வைத்துச் சுழற்றுங்கள். அவித்த முட்டை பம்பரம்போலச் சுழலும். பச்சை முட்டை தள்ளாடிச் சுழலும். சுழலும் பச்சை முட்டையை விரலால் ஒரு கணம் நிறுத்திவிட்டு விரலை எடுங்கள். அது மீண்டும் மெல்லச் சுழலத் தொடங்கும். ஓடு நின்றாலும் உள்ளிருக்கும் திரவம் நிற்கவில்லை என்பதே காரணம். ஓட்டை உடைக்காமலே உள்ளே இருப்பது திரவம் என்று அறிந்துவிட்டீர்கள் அல்லவா?

பூமி ஏன் இப்படி அடுக்கு அடுக்காக அமைந்தது என்று அடுத்த கேள்வி எழும். இதற்கு ஓசூர்த் தொழிற்பேட்டை எனக்கு உதவிற்று. அங்குள்ள வார்ப்பட ஆலைகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள் என் வகுப்பில் பலர். உருகிய இரும்பைக் கொள்கலத்தில் நிறைத்தால் கனமான இரும்பு அடியில் நிற்கும். இலேசான கசடு மேலே மிதந்து ஆடையாகப் படியும் என்பது அவர்கள் தந்தையரின் அன்றாட அனுபவம். ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்குமுன், இளம்பருவத்தில் பூமி வெப்பத்தால் உருகியபோது இதேதான் நடந்தது. இரும்பும் நிக்கலும் நடுவே அமிழ்ந்து கருவமாயின. இலேசான பாறைப்பொருள்கள் மேலே எழுந்தன. நாம் உழுவதும் வீடு கட்டுவதும் அந்தக் கொப்பரையின் மேலாடையில்தான். இதற்கும் சான்று உண்டு. 1798-ஆம் ஆண்டில் காவெண்டிஷ் என்ற அறிஞர் பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று அளந்து காட்டினார். எங்கள் குவாரிக் கல்லை நிறுத்தால் தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்குதான் இருக்கிறது. மேலே உள்ளது இவ்வளவு இலேசு என்றால், சராசரியை ஈடுகட்ட உள்ளே உள்ளது மிகவும் கனமாக இருந்தாக வேண்டும் அன்றோ? அந்தத் திரவ இரும்பின் ஓட்டத்தால்தான் பூமி காந்தமாகி, திசைகாட்டியின் முள்ளை வடக்கே திருப்புகிறது.

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கு என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கிருஷ்ணகிரிப் பிள்ளைக்கு மாம்பழத்தைவிடத் தெரிந்தது எது? தோல் மேலோடு, சதை கவசம், கொட்டை வெளிக்கருவம், கொட்டைக்குள் இருக்கும் பருப்பு உட்கருவம் என்று பழத்தை அரிந்து காட்டுவேன். பாடம் இனித்தது. ஆனால் உவமையைச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. அது எங்கே பொருந்தாது என்பதையும் பிள்ளைகளைக் கொண்டே சொல்ல வைக்க வேண்டும். பத்துச் சென்டிமீட்டர் அகலமுள்ள பழமாகப் பூமியைச் சுருக்கினால், மேலோடு மூன்றிலொரு மில்லிமீட்டர் தடிப்பே இருக்கும். மாம்பழத் தோலினும் மெல்லியது. வெளிக்கருவம் திரவம்; மாங்கொட்டையோ கெட்டி. பழம் அடிவரை குளிர்ந்திருக்கும்; பூமியின் மையமோ ஏறத்தாழச் சூரியனின் மேற்பரப்பைப் போன்ற வெப்பம் உடையது.

இந்த எச்சரிக்கையை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தவற்றிலிருந்து. பல ஆண்டுகள் நான், மேலோட்டுக்குக் கீழே எங்கும் நெருப்புக் குழம்பு கொதிக்கிறது, நாம் அதன்மேல் மிதக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். எரிமலைப் படத்தைக் காட்டி அச்சமும் ஊட்டினேன். 1994-ஆம் ஆண்டில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். "சார், இரண்டாம் அலை திரவத்தில் போகாது என்று சொன்னீர்கள். கவசம் குழம்பாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அப்படியானால் இரண்டாம் அலை 2,900 கிலோமீட்டர் வரை எப்படிப் போகிறது?" என்று கேட்டாள்.

கரும்பலகையின் இடப்பக்கம் எழுதியதும் வலப்பக்கம் எழுதியதும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நின்றன. அந்தப் பெண் அதைக் கண்டுவிட்டாள். நான் ஆண்டுக்கணக்கில் காணவில்லை. ஆனால் இம்முறை அவளை உட்காரச் சொல்லவில்லை. "அம்மா, நீ சொல்வது சரியாகத் தோன்றுகிறது. நான் சொன்னதுதான் தவறாக இருக்க வேண்டும். கேட்டு வந்து சொல்கிறேன்" என்றேன். சேலத்தில் கல்லூரி ஒன்றில் நிலவியல் கற்பித்த பேராசிரியர் ஒருவரைத் தேடிச் சென்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் மாணவி சொன்னதே சரி. கவசம் திடப்பாறை" என்றார்.

விளக்கம் இதுதான். ஆழம் செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. ஓசூரில் பிரஷர் குக்கர் செய்யும் ஆலை உண்டு. திறந்த பாத்திரத்தில் நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அழுத்தம் மிகுந்த குக்கருக்குள் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. அழுத்தம், கொதிப்பதைத் தடுப்பதுபோலவே பாறை உருகுவதையும் தடுக்கிறது. ஆகவே கவசம் பழுக்கக் காய்ந்திருந்தும் பெரும்பாலும் திடமாகவே இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது மிக மெல்ல நகர்கிறது என்பது உண்மை. ஆனால் அது குழம்பு அல்ல. அழுத்தம் குறையும் இடங்கள் போன்ற சில இடங்களில் மட்டும் அதில் ஒரு சிறு பகுதி உருகி மேலே எழுகிறது. எரிமலையில் நாம் காண்பது அதைத்தான். மறுநாள் வகுப்பில் அந்த மாணவியைக் கொண்டே இதை விளக்கச் செய்தேன். அதற்கு முந்திய ஆண்டுகளில் என்னிடம் தவறாகக் கற்றுச் சென்ற பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். அவர்களுள் யாரேனும் இந்தப் பேச்சைக் கேட்டால், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டபின் எங்கள் ஊர்க் குன்றுகளை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. கிருஷ்ணகிரிப் பகுதியில் வரி வரியாக ஓடும் பாறையை நைஸ் என்பார்கள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. கிருஷ்ணகிரியிலிருந்து தெற்கே தருமபுரி வழியாகச் சேலத்துக்குப் போகும் வழியில், பண்டைய மேலோட்டின் மேலும் மேலும் ஆழமான பகுதிகள் தரையிலே தெரிகின்றன. ஒருகாலத்தில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே அழுத்தத்திலும் வெப்பத்திலும் வெந்த பாறைகள் அவை. மேலே இருந்தவை நெடுங்காலம் அரிப்புண்டு போகவே, அடியில் இருந்தவை மேலே வந்தன. கோலாத் துளையும் எட்டாத ஆழத்துப் பாறையின்மேல்தான் நம் பேருந்து ஓடுகிறது! அந்த வரிப்பாறையைக் குறுக்கே பிளந்துகொண்டு சுவர்போல நிற்கும் கருங்கற்பட்டைகளும் எங்கள் பகுதியில் மிகுதி. வாணிகத்தில் கறுப்பு கிரானைட் என்று பெயர் பெற்றது அதுவே. கவசத்தில் பாறை உருகி, மேலோட்டின் வெடிப்புகளில் ஏறி உறைந்ததால் உண்டானது. அந்தக் கல் உடைப்பவரின் சுத்தியலுக்கு அடியில், கவசத்திலிருந்து வந்த தூதன் ஒருவன் கிடந்தான். நான் கரும்பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்!

சென்னைப் பகுதி மாணவர்களும் குறைப்பட வேண்டியதில்லை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் பாறையும் ஆழத்தில் வெந்ததே. கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு நம் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஹாலந்து என்ற நிலவியலார் அதை ஆராய்ந்து சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் நூல்களில் அந்தப் பெயர் வழங்குகிறது. சேலத்தில் மாக்னசைட் வெட்டியெடுக்கும் மலைப்பகுதியில், கவசத்துப் பாறையை ஒத்த டியூனைட் என்னும் பாறையையும் காணலாம். உங்கள் ஊர்க் குன்று எந்தப் பாறையால் ஆனது என்று கேட்டறிந்து, ஒரு துண்டை வகுப்பில் கொண்டுவந்து வையுங்கள். பாடப்புத்தகத்தின் வட்டப்படம் அதன்பின் வேறு விதமாகத் தெரியும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூமியின் அடுக்குகளின் பெயரையும் தடிப்பையும் மட்டும் சொல்லி மனப்பாடம் செய்விக்காதீர்கள். அது எப்படித் தெரிந்தது என்பதையும் உடன் சொல்லுங்கள். பெயரும் அளவும் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். தட்டிக் கேட்டு அறியலாம் என்ற எண்ணம் மறக்காது. மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. ஆசிரியர் சொல்வதில் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், பணிவோடு எழுந்து கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.

1987-ஆம் ஆண்டில் கடைசி வரிசையில் எழுந்து நின்ற அந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவன் பத்தாம் வகுப்புத் தேறி, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். பின்னர் ஓசூரில் ஓர் ஆலையில் வேலைக்கு அமர்ந்தான். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் என்னைப் பார்க்க வந்திருந்தான். "என்ன வேலையப்பா பார்க்கிறாய்?" என்று கேட்டேன். வார்ப்படத் துண்டுகளுக்குள் காதுக்குக் கேளாத ஒலியலையைச் செலுத்தி, அது திரும்பி வருவதைத் திரையில் கண்டு, உள்ளே விரிசல் உண்டா என்று சொல்லும் வேலை என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "அப்பா செய்ததைத்தான் சார் செய்கிறேன், கருவிதான் வேறு" என்றான்.

அன்று மூன்றாம் நாள் மாலையில் நான் சைக்கிளை எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அவனிடம் அதைச் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.